பட்டர்வொர்த்தில் கிடக்கும் பணம்

4.3.86
ஜெயலெட்சுமிக்குச் செயலாளர் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். "அப்பா மூணு எடத்துல வேல பாத்தவரு, மூணு சேமிப்பு இருக்கும்லா" என்று தாயிடம் சொல்கிறாள். என்னைப் பணக்காரன் என்று நம்பும் ஒரே ஜீவன்.

5.3.86
ஈ.பி.எஃப். சேமநிதிப் பணம் ஐம்பத்தைந்து வயதுவரை அசையாது. எனக்கு நாற்பத்தாறு. நான் வேலை பார்த்த ஹோட்டல் தனியாக வைத்திருந்த நிதி ஐந்து வருடம் முடித்தவனுக்குத்தான். நாலு மாதம் பாக்கி இருக்கையில் மேனேஜரிடம் முறைத்துக்கொண்டு வெளியேறிய மகாவீரன் நான்.

மிச்சம், பட்டர்வொர்த் கப்பல் கம்பெனியின் சொந்த நிதி. எழுபத்தெட்டில் விலகியபோது எடுக்காமலே விட்டது. எடுப்பதென்றால் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே இருக்கும் தலைமைக் கிராணி கனகசுந்தரத்தின் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். என் எழுத்தைக் கோழி கிளறின குப்பை என்று ஆபீஸ் முழுக்கக் காட்டிச் சிரித்த ஆள். அந்த மூஞ்சி முன்னால நானா?

9.3.86
பாக்கியம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "எட்டு வருசமா ஒங்க ரோசத்துக்குப் பூச போட்டாச்சி. புள்ள படிக்கட்டும்லா."

12.3.86
பட்டர்வொர்த்துக்குப் போக ஃபெரி ஏறவில்லை. வயிற்றுவலி என்றேன். பொய் சொல்லக்கூடத் துப்பில்லை.

17.3.86
போனேன். கனகசுந்தரத்துக்குத் தலைமுடி கொட்டிவிட்டது. அகந்தைதான் அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் பெஞ்சில் காக்கவைத்தார். எழுந்து போய்விடலாமா — போனால் ஜெயலெட்சுமியின் படிப்பு? உட்கார்ந்தேன்.

"வாரும். உம்மட காசை எடுக்க எட்டு வருஷம் வேணுமோ?"

"கொஞ்சம் வேலையா இருந்துட்டேங்க."

"போகேக்கையே எடுத்திருந்தால் உம்மட பங்கு மட்டும்தான். எண்பத்திரண்டிலை விதியை மாத்திப்போட்டாங்கள். எடுக்காமல் விட்டிருந்த ஆக்களுக்குக் கம்பெனிப் பங்கும் உண்டு. உம்மட ரோசம் நல்லாக் குட்டி போட்டிருக்கு."

என்னோடு விலகியவர்கள் எல்லாரும் புத்திசாலிகள். அன்றே எடுத்துக்கொண்டு போனார்கள். முட்டாளுக்கு இரட்டிப்பு.

கையெழுத்துப் போட்டேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னும் அதே கோழிதான்."

சிரித்துத் தொலைத்தேன். வெட்கங்கெட்டவன்.

1.4.86
ஜெயலெட்சுமி இன்று வகுப்புக்குப் போனாள். கட்டணம் போக மிச்சத்தைப் பாக்கியத்தின் பெயரில் பேங்கில் போட்டாயிற்று. இனி நான் யாரோடு முறைத்துக்கொண்டாலும் பணத்துக்கு ஆபத்தில்லை.

கனகசுந்தரத்தை நாலு வார்த்தை திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. பேனா சரியில்லை போலிருக்கிறது.