பன்னிரண்டாம் நாள் போர்வை

தம்பி,

கஞ்சாவை விட்டு இன்னையோட பன்னிரண்டு நாள். தினமும் விடியறதுக்குள்ள போர்வையைத் துவைச்சுப் போடறியே, புகை வாடையை மறைக்கத்தான்னு நெனச்சு நேத்து வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். இன்னைக்குத்தான் நீ அசந்து தூங்கறே. போர்த்திவிட வந்தா, போர்வை பிழிஞ்சா சொட்டும்போல இருக்கு. அத்தனையும் அதை விட்டதால வர்ற வேர்வை! ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னடா?

அடுப்பு மேல சூப் இருக்கு. பசிக்கலன்னாலும் ரெண்டு வாய் குடி.

உன்கிட்டேருந்து பிடுங்கி வெச்ச தையல்கடைச் சாவி மேசை மேல இருக்கு. பத்து மணிக்கு நீயே திற. கை நடுங்கினா கத்தரியைத் தொடாதே. நான் துணி எடுத்துட்டு மத்தியானம் வந்துடுவேன்.

அக்கா

இன்னொண்ணு: போர்வையைத் துவைக்காதே, அப்படியே போட்டுட்டுப் போ. நான் துவைச்சு, நாலு பேர் பார்க்கற மாதிரி வாசல்லயே காயப்போடறேன்.