புரியாதவங்க கை தூக்குங்க

ஜூன் 4
இறையியல் கல்லூரியில் சேர ஆயரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டேன். "டீச்சர், உங்களுக்குத்தான் ஞாயிறு பள்ளி இருக்கே. இந்த வயசுல குருப்பட்டமா?" என்றார். அறுபத்தொன்று. முப்பத்துநான்கு வருடம் கணக்கு நடத்தியவளுக்கு வயதைக் கூட்டத் தெரியாதா? கடிதம் வாங்காமல் எழுந்திருக்கவில்லை. அவருடைய டீ ஆறிப்போனது.

ஜூன் 5
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ ஆயர்னா நான் யாரு? ஆயரப்பாவா?" என்று அவர் சிரித்தார். மகன் போனில் சிரிக்கவில்லை. "ஊர் சிரிக்கும்மா." சிரிக்கட்டும்.

ஜூன் 9
அழைப்புதானா, இல்லை ஓய்வுக்காலச் சலிப்பா? போன வருடம் ஆஸ்பத்திரியில் என் பழைய மாணவி, "நற்கருணையை நீங்களே குடுங்க டீச்சர்" என்று கையைப் பிடித்தாள். குருப்பட்டம் இல்லாமல் அந்த அப்பத்தைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. ஆயர் வந்து சேர்வதற்குள் போய்விட்டாள்.
சலிப்பு இல்லை.

ஜூன் 19
பெரிய கல்லூரி. லிஃப்ட், ஏசி நூலகம். "பெரியவங்களுக்குன்னே ஆறு மாசச் சான்றிதழ் இருக்கும்மா" என்றார் முதல்வர்.
"அது முடிச்சா குருப்பட்டம் உண்டா?"
"அதெல்லாம் சின்னவங்களுக்கு."
விண்ணப்பத்தை அவர் எதிரிலேயே கிழித்தேன். நேராக, மடிப்பு வைத்து.

ஜூலை 2
சின்னக் கல்லூரியில் நேர்முகம். மூன்றாவது மாடி, படிக்கட்டு மட்டும். பத்து நிமிடம் பிரசங்கிக்கச் சொன்னார்கள். நூறு ஆடுகளில் காணாமற்போன ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பனைப் பற்றி இயேசு சொன்ன கதையை எடுத்தேன். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் பாஸ். ஆனாலும் டீச்சருக்குத் தூக்கம் போவது அந்த ஒருத்தனால்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பழக்க தோஷத்தில், "புரியாதவங்க கை தூக்குங்க" என்றுவிட்டேன்! தேர்வாளர்களிடம்!
எல்லாரிலும் மூத்தவர், கிரேக்கம் நடத்துபவர், மெல்லக் கை தூக்கினார். என்ன செய்ய? கரும்பலகைக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மணி அடித்தார்கள். நிறுத்தவில்லை. ஒருத்தருக்குப் புரியவில்லையே, எப்படி நிறுத்துவது?

ஜூலை 11
இடம் கிடைத்தது! நான்கு வருடம், முடித்தால் குருப்பட்டம். "அந்த முட்டியை வெச்சுக்கிட்டு மூணு மாடியாம்மா?" என்றான் மகன்.
"முட்டியும் கூடத்தான்டா வரும். அதை வீட்லயா விட்டுட்டுப் போவேன்?"

ஆகஸ்ட் 3
முதல் கிரேக்க வகுப்பு. பதினான்கு இளசுகள், நான். பெரியவர் பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பினார். "புரியாதவங்க கை தூக்குங்க."
ஒருவரும் அசையவில்லை. இந்த மௌனம் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தது.
கை தூக்கினேன்.
பின்வரிசையில் இன்னும் ஆறு கைகள் எழுந்தன.