முப்பதில் நிறுத்திய ஃபேன்

ஜனவரி 17, வெள்ளி

விடிந்ததிலிருந்து கண்டியில் மழை. கடையில் பத்து மணிக்கே லைட் போட்டாயிற்று. விரல் விறைத்து ஸ்குரூ பிடிபடவில்லை.

இன்றைய வேலை:
கீபோர்ட் மாற்றம், ஒன்று. முடிந்தது.
தேத்தண்ணி ஊற்றிய லெப்டொப், ஒன்று. பிழைக்காது.
கேமிங் லெப்டொப், ஃபேன் சத்தம், தெல்தெனியவிலிருந்து.

மூன்றாவதைத்தான் எழுத வேண்டும்.

கொண்டு வந்தவர் பெயர் ரிஸ்னா. முப்பது வயது இருக்கும், தோளில் கைக்குழந்தை. கேம் விளையாடுகிற ஆள் இல்லை. ஹோட்டல் அறை உள்ளே எப்படி இருக்கும், வீட்டு ஹோல் எப்படி இருக்கும் என்று கட்டுமுன்பே கொம்பியூட்டரில் படம் போட்டுக் காட்டுகிற வேலை. வெளிநாட்டுக் கம்பனிக்கு, வீட்டிலிருந்தே. அதற்கு இந்த மாதிரி மெஷின் இல்லாமல் ஆகாது. படம் போடத் தொடங்கினால் இரண்டு ஃபேனும் போடுகிற சத்தத்தில் குழந்தை எழும்புகிறதாம். மாமி ஏசுகிறாராம்.

"சத்தம் மட்டும் கொறஞ்சா போதும் தம்பி. வேற ஒண்டும் வேணாம். இண்டைக்கே வேணும்."

கதிரையில் குழந்தையோடு காத்திருந்தார். அடி மூடியைக் கழற்றினேன். சூடு வெளியே போகிற செப்புத் தகடுகளுக்கு நடுவில் ஒரே வெள்ளை. குழந்தைப் பவுடரும் தூசியும் சேர்ந்து இறுகிப்போய். ஃபேன் பாவம், அடைத்த வாசலில் நின்று ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. தகட்டைக் கழற்றிக் கழுவி, சிப்புக்கு மேலே காய்ந்து போன பேஸ்ட்டைச் சுரண்டி, புதிது போட வேண்டும். இரண்டு மணி நேர வேலை. செய்யத் தெரியாதவன் இல்லை நான்.

தகட்டின் இரண்டாவது ஸ்குரூவிலேயே தலை தேய்ந்து வழுக்கிவிட்டது. அளவு பார்க்காமல் சின்ன டிரைவரைப் போட்டது என் அவசரம். போன கிழமைதான் வேறொரு மெஷினில் கேபிளைப் பிய்த்து முதலாளி நிஸ்தார் நானா முன்னால் நின்றேன். அவர் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. இப்போது ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கிறார். வருமுன் முடித்தாக வேண்டும். நாலு மணிக்கு வீட்டுக்குப் போகும் மடுல்கெல்ல பஸ் வேறு.

மூடிவிட்டேன். வெளியே பிரஷ்ஷால் தட்டினேன். ஃபேனின் வேகத்தை அடக்குகிற சொஃப்ட்வெயரைப் போட்டு, நூற்றுக்கு முப்பதுக்கு மேல் சுற்றாதபடி நிறுத்தினேன். பத்து நிமிட வேலை. கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். மழைக்குளிரில் சூடு பெரிதாக ஏறவில்லை.

ரிஸ்னா காதை லெப்டொப்பில் வைத்துக் கேட்டார். எல்லோரும் அப்படித்தான் சோதிக்கிறார்கள்.

"மாஷா அல்லாஹ்! மூச்சு ஈக்குதா எண்டே தெரியல்ல."

அப்போதுதான் நானா வந்தார். "சிவா கை வெச்சா அப்பிடித்தான்" என்றார். நான் சிரித்தேன். வேலைப் புத்தகத்தில் 'கிளீன், புது பேஸ்ட், ஃபேன் சத்தம் OK' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

பஸ் கிடைத்தது. இருக்கையும் கிடைத்தது.

பெப்ரவரி 11, செவ்வாய்

நல்ல வெயில். குடை தொலைந்தது. புதிது வாங்க வேண்டும்.

ரிஸ்னா ஃபோன். பகலில் மெஷின் தானாக ஓஃப் ஆகிறதாம். காலையில் சரி, மத்தியானம் இரண்டு மூன்று தடவை. போட்ட படம் பாதியில் போய்விடுகிறதாம்.

எனக்கு உடனே தெரிந்தது. மடுல்கெல்லயில், மலைத் தோட்டத்து லயத்துக்குள் ஸ்வெட்டரோடு வளர்ந்தவன் நான். மலையை விட்டு இறங்கி தெல்தெனியவில், அஸ்பெஸ்டஸ் சீட் கூரைக்குக் கீழே, பன்னிரண்டு மணிக்கு என்ன சூடு இருக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவேயில்லை. கண்டி மழையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

'அந்த முப்பதை எடுத்து விடுங்கள்' என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டு பட்டன். ஃபோனிலேயே சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் சத்தம் திரும்பி வரும். ஏன் என்று கேட்பார்.

அதனால் நான் கேட்டேன்: "மெத்தையில வச்சுப் பாவிக்கிறீங்களா?"

"சில நேரம். புள்ள பக்கத்துல படுத்தீக்கக்குள்ள."

"அதாங்க. காத்து போற ஓட்டை அடைபட்டுப் போகுது."

"அப்ப என்ட பிழைதான். சொரி தம்பி, உங்களக் கரைச்சல் படுத்திட்டேன்."

சொரி. என்னிடம் சொரி.

மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன். பருப்பு நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

நோன்பு தொடங்கி ஐந்தாம் நாள். கடையில் ரேடியோ இல்லை, தேத்தண்ணி இல்லை. நான் பின் அறையில் ஒளிந்து குடிக்கிறேன். நானா "முன்னாலயே குடி, எனக்கொண்டுமில்ல" என்கிறார். இருந்தாலும்.

பதினொரு மணிக்கு ரிஸ்னாவும் கணவரும். அவர் தெல்தெனியவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன் மாதிரித்தான் இருக்கிறார். லெப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார், மனைவியைப் பார்க்கவில்லை.

"நானும் உம்மாவும் செல்லிச் செல்லிக் களைச்சிட்டம் பாஸ். மெத்தையில வெச்சு வெச்சே கெடுத்துட்டா."

சுவிட்சைப் போட்டேன். திரை முழுக்கக் கோடு. பிறகு கறுப்பு. போர்டில் படத்துக்கான சிப் சூட்டில் போய்விட்டது.

ஒரு ஹோட்டலுக்கு முப்பது அறைப் படம், பாதியில் நிற்கிறதாம். கம்பனி மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறதாம். அதை ரிஸ்னா மெதுவாகச் சொன்னார். கணவர் முடிக்கவிடவில்லை.

"இனி இது தேவயில்ல. சாமான் பாவிக்கத் தெரிஞ்சவங்கதான் வெச்சீக்கணும். அதுக்குள்ள ஈக்கிற ஃபோட்டோக்கள மட்டும் எடுத்துத் தாங்க பாஸ், போதும்."

ரிஸ்னா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

நானா எட்டிப் பார்த்துக் கேட்டார், "என்ன சிவா, பாவிப்புப் பிழையா?"

"ஆமா நானா. பாவிப்புத்தான்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. ஜனவரியில் செய்தது சோம்பேறித்தனம் என்று இதுவரை எனக்கே சமாதானம் சொல்லி வந்தேன். இன்று செய்ததற்கு அந்தப் பெயர் வைக்க முடியாது. ஒரு பெண்ணின் வேலையை அவள் புருஷனுக்கு முன்னால், என் ஸ்குரூ ஒன்றுக்காக, பலி கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதே கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன், அறையில் யாரும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

வெக்கை. நானா ஜும்ஆவில்.

மூடியைத் திறந்தேன். அதே வெள்ளைப் பவுடர். இன்னும் தடிப்பாக. அதே ஸ்குரூ, தலை வழுக்கியபடி, நான் விட்டுப் போன இடத்தில்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற பெரிய ஃபேன்கள் உண்டு. அது இரைகிற வரைக்கும் லயத்தில் யாருக்கும் கவலையில்லை. இரைச்சல் நின்றால்தான், கொழுந்து பழுதாகும் என்று, தூங்குகிறவன்கூட எழும்பி ஓடுவான். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன்தான் ஃபேனை அடக்கி வைத்துவிட்டுப் பாராட்டு வாங்கினேன்.

பின்னேரம் நானா பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி கொண்டு வந்தார். எனக்கென்று தினமும் ஒரு கப் எடுத்து வைப்பார். "சூட்டோட குடி சிவா." கப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு சொல்லிவிட்டேன். ஸ்குரூ, முப்பது, புத்தகத்தில் எழுதிய பொய், மெத்தை. எல்லாம்.

நானா ஸ்குரூவைக் குனிந்து பார்த்தார். வேலைப் புத்தகத்தைப் புரட்டினார். என் கையெழுத்தில் விரலை வைத்தார்.

"இத ஏன் என்னட்ட செல்லுற? என்ட லெப்டொப்பா?"

நான் கப்பை மேசையில் வைத்தேன்.

"பின்னறையில தெர ஒடஞ்ச மெஷின் ஒண்டு ஈக்குது, இதே மொடல். அதுட போர்டக் கழட்டிப் போடு. போட்டுட்டு நீயே கொண்டு போ."

கஞ்சி ஆறிவிட்டது. குடித்தேன்.

மார்ச் 12, புதன்

முடிந்தது. ஐந்து நாள், மற்ற வேலைகளுக்கு நடுவில்.

ஸ்குரூ: துளை போட்டு எடுத்தேன்.
தகடு: கழற்றி, கழுவி, காயவைத்து. தண்ணீர் பால் மாதிரி வந்தது.
போர்டு மாற்றம். புது பேஸ்ட்.
படங்கள்: எல்லாம் பத்திரம். முப்பதில் பன்னிரண்டு முடிந்திருக்கிறது. ஒன்று மட்டும் திறந்து பார்த்தேன். ஜன்னல் வழியாக ஏரி, கட்டிலில் மடித்த துவாய். துவாயின் நூல்கூடத் தெரிகிறது.
அந்த சொஃப்ட்வெயர்: அழித்தேன்.

இந்த முறை கதவைச் சாத்தி, மேசை லைட்டைப் பக்கத்தில் இழுத்து, வெக்கையில் வைத்து மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். சூடு அளவோடு நிற்கிறது. இரண்டு ஃபேனும் நன்றாக இரைகின்றன.

நாளை போயா, பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. போக வேண்டும். ஃபோன் பண்ணி 'சரியாகிவிட்டது, ஆளனுப்புங்கள்' என்று சொல்லலாமா என்று இரண்டு தடவை நம்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன். போயா

பஸ்ஸில் வெள்ளை உடுத்தவர்கள், பூத்தட்டுகள். லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டேன். பல்லேகலயில் இருக்கை கிடைத்தவர் ஒருவர் என் தோளில் தூங்கிப் போனார். தெல்தெனியவில் இறங்கியதும் சூடு முகத்தில் அடித்தது.

வீட்டின் முன்பாகமே ஹாட்வெயார் கடை. பின்னால் ஹோல். சீட் கூரை. குழந்தை துணித் தொட்டிலில். மாமி எனக்கு மட்டும் தேத்தண்ணி கொண்டு வந்தார். "வேணாங்க" என்றேன். "நோன்பு எங்களுக்குத்தானே, நீங்க குடிங்க தம்பி" என்று வைத்துவிட்டு உள்ளே போனார்.

ரிஸ்னா லெப்டொப்பைப் போட்டார். படத்தைத் திறந்ததும் ஃபேன் இரைந்தது. முகம் மாறியது.

"சத்தம் திருப்பியும் வந்துட்டே?"

"சத்தம் வரணுங்க" என்று தொடங்கினேன். பிறகு நிறுத்தவில்லை. சொல்லும்போது தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் அழவில்லை, ஏசவுமில்லை. கேட்டார்: "அப்ப மெத்தை?"

"மெத்தையில வச்சா கொஞ்சம் சூடாகும். போர்டு போனது அதால இல்லங்க."

"அப்ப நான் கெடுக்கல்லியா?"

"நீங்க கெடுக்கல."

எழும்பிப் போய்க் கடையிலிருந்து கணவரைக் கூட்டி வந்தார். மாமியையும் கூப்பிட்டார். இரண்டு பேரையும் என் முன்னால் நிறுத்தினார்.

"இப்ப என்னட்ட செல்லினத இவங்களுக்கும் செல்லுங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்பேன், அவர் மன்னிப்பார் அல்லது மாட்டார், நான் பஸ் ஏறுவேன், இவ்வளவுதான் என் கணக்கு. கணவர் பேனாவைக் காதில் செருகியபடி நின்றார்.

"சார், போன தடவை ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு…"

"சின்ன எண்டு செல்ல வேணாம்" என்றார் ரிஸ்னா.

முதலிலிருந்து சொன்னேன். ஸ்குரூவிலிருந்து. மெத்தை என்று ஃபோனில் சொன்னது பொய் என்றும், கடையில் கணவர் முன்னாலேயே மறுபடி அந்தப் பொய்யைச் சொன்னேன் என்றும். காது சுட்டது. மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இந்தப் புள்ளய நாங்க ஏசின ஏச்செல்லாம்…" என்றார். மகனைப் பார்த்தார். மகன் லெப்டொப்பைப் பார்த்தார்.

ரிஸ்னா அதற்குள் உட்கார்ந்து பதின்மூன்றாவது அறையைத் திறந்துவிட்டார். ஃபேன் இன்னும் பலமாக இரைந்தது. கணவர் தொட்டிலைப் பார்த்தார்.

"புள்ள எழும்பிருமே ரிஸ்னா. சத்தத்தக் கொஞ்சம் கொறைக்க ஏலாதா?"

ரிஸ்னா திரும்பிப் பார்க்கவில்லை.

"எழும்பட்டும். நீங்க தூக்குங்க."

தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழும்பினேன். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. படி இறங்கும்போது குழந்தை அழத் தொடங்கியது. கூடவே தொட்டில் கம்பி கிரீச்சிட்டது, யாரோ தூக்குகிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

வானம் மூட்டம். நானா கேட்டார், "செல்லினியா?" "சொன்னேன் நானா." தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

ஜும்ஆ நேரத்தில் வேலைப் புத்தகத்தை எடுத்தேன். போன வருஷத்திலிருந்து, என் கையெழுத்தில், 'ஃபேன் சத்தம் OK' என்று இருப்பவை. நேற்றுத் திரும்பும் பஸ்ஸில்தான் இவை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. உண்மையாகச் செய்தவற்றை விட்டுவிட்டு, முப்பதில் நிறுத்திக் கொடுத்தவை:

கட்டுகஸ்தோட்டை, டியூஷன் மாஸ்டர்.
பேராதனை, கெம்பஸ் பிள்ளை.
குண்டசாலை, கல்யாண வீடியோ எடுப்பவர்.
கம்பளை. பெயர் வாசிக்க முடியவில்லை, நம்பர் இருக்கிறது.

ரிஸ்னா முதல் ஆள் இல்லை. அகப்பட்ட முதல் ஆள்.

மேலேயிருந்து தொடங்கினேன். டியூஷன் மாஸ்டர் மூன்றாவது மணியில் எடுத்தார். எங்கள் கடை என்றதும் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அருமையா இருக்கு தம்பி! சத்தமே இல்ல. இன்னும் ரெண்டு பேருக்கு உங்க பேரச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

நாளைக்கே கடைக்குக் கொண்டு வரச் சொன்னேன்.

"நல்லாத்தானே இருக்கு, ஏன்?" என்று கேட்டார்.