வலப்பக்கக் கைப்பிடி

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் காத்துக் கிடந்தே வயிற்றைக் காயப்போடுகிறீர்களா?

விவாகரத்து முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகும் மாப்பிள்ளை என்று எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் எனக்கும் எந்தக் கோர்ட்டிலும் வழக்கு கிடையாது. போனில் பேசினால் மகள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ரிடையர் ஆனதிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவன், ஏறி இறங்கியே பழகிவிட்டேன். மொட்டை மாடிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். "ஒரு இடத்துல உக்காருங்களேன், பாக்குற எனக்குத் தலை சுத்துது" என்று உங்கள் அத்தை கத்துகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பாஸ் மீன் பிடிக்க, தூண்டில் கோலில் மாட்டி நரம்பைச் சுற்றுகிற ஸ்பின்னிங் ரீல் ஒன்று வாங்க வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது. கடையில் போய்ப் பார்த்தால் சுவர் நிறைய ரீல். ஒன்றில் ஐந்து பேரிங்காம், இன்னொன்றில் பத்தாம். லிஃப்டுக்குக்கூட இவ்வளவு அலட்டல் கிடையாது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். மறுபடியும் ஏரிக்கரையில் ஜோடியாக உட்கார வேண்டும் என்று மனசு பரபரக்கிறது.

அன்புடன்,
மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்து பிரித்தேன். உள்ளே கூப்பிட்டது காதில் விழவில்லை. என் முறை போய், கடைசி ஆளாகப் போனேன்.

பேரிங் எண்ணிக்கை சும்மா பெட்டி மேல் அச்சடிக்கிற பெருமை. மட்டமான பத்தைவிட நல்ல நாலு மேல். 2500 அளவு வாங்குங்கள், பாஸுக்கு அது போதும். கடையிலேயே கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், கரகரப்பு இருக்கக் கூடாது. அப்புறம் டிராக். மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துபோகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற பிரேக் அது. லேசாகத் தளர்த்தி நரம்பைக் கையால் இழுத்தால் திக்காமல் வர வேண்டும். பட்ஜெட் இடித்தால் மற்ற எதிலும் குறையுங்கள், விட்டுக்கொடுப்பதில் குறைக்காதீர்கள். இதை நான் சொல்லக் கேட்டால் உங்கள் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நான் வாங்கித் தந்த பழைய ரீல் என்ன ஆயிற்று?

ஜோடியாக என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு லாட்ஜ் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறேன். கல்யாணமான புதிதில் என்னை ஏரியின் மேற்குக் கரைக்குக் கூட்டிப்போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பொழுது சாயும்வரை உட்கார்ந்தும் தவளையைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தானே பம்ப் ஹவுஸ் பின்னால் மீன் கொத்துகிற நம் இடத்தைக் கண்டுபிடித்தோம். இந்த ஞாயிறு நானே வந்து ரீலைப் பார்த்து வாங்கித் தரட்டுமா? அவள் ஏதாவது சொன்னாளா?

உங்கள்,
மாப்பிள்ளை

மார்ச் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வீட்டுக்கு ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய ரீல் நன்றாகவே ஓடுகிறது. நீங்கள் சொன்னபடி சுற்றிப் பார்த்து, இழுத்துப் பார்த்து கடையில் புது ரீல் ஒன்றைப் பொறுக்கினேன். விலையும் கட்டுப்படியாகும். ஆனால் கைப்பிடியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டச் சொன்னேன், மாட்டியதும் லொடலொடவென்று ஆடுகிறது. கடைக்காரர், "இடப்பக்கமே இருக்கட்டுமே சார், எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க" என்கிறார். வலப்பக்கம் வைத்தாலும் ஆடாத ரீல் எது என்று எழுதுங்கள். மாதக் கடைசிக்குள் வேண்டும்.

மாமா

மார்ச் 18

அன்புள்ள மாமா,

உங்கள் வலது கைக்கு என்ன ஆயிற்று? கோலை வலது கையில் பிடியுங்கள், இடது கையால் சுற்றுங்கள் என்று உங்களுக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான். கோலை இடது கையில் பிடிப்பவருக்குத்தானே கைப்பிடி வலப்பக்கம்? முதலில் பயந்துபோனேன். கை விழுந்துவிட்டதோ, என்னிடம் மறைக்கிறீர்களோ என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிவிட்டேன். அங்கே நின்று உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருக்கிறது.

அத்தைக்கும் வலது கைதான். உங்கள் மகளுக்கும் வலது கைதான். உங்கள் வீட்டில் இடது கைக்காரர் யாரும் கிடையாது.

மாமா, இந்த ரீல் யாருக்கு? வீட்டுக்கு வந்துபோகிற ஆட்கள் யார்? ராத்திரி தூக்கம் வரவில்லை. பதிலைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாப்பிள்ளை

மார்ச் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நீங்கள் ஒரு கைப்பிடியை வைத்தே தோண்டி எடுத்துவிட்டீர்கள்.

மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரும் இரண்டாம் கல்யாணம். இடது கைக்காரர். அடுத்த மாதம் முதல் வாரத்தில் வீட்டோடு வைத்து முடிக்கிறோம். அவளாக யோசித்துச் சரி என்று சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சமையலறையில் அவள் பாடுவது கேட்கிறது, அதை நான் எப்படிக் கெடுப்பேன்?

வாத்தியார் வந்தால் கூடத்தில் உட்காருவார். நான் எதிரில் உட்காருவேன். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை, பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை, அதோடு சரி. மருமகனோடு எப்படிப் பழகுவது என்று எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும், அது உங்களிடமிருந்து வந்தது. கையில் ஒரு தூண்டில் கோலைக் கொடுத்தால் அவரும் பேசுவார் என்று நினைத்தேன். ரீலைப் பற்றி யாரிடம் கேட்பது? எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கேட்டது தப்பு. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மாமா

மார்ச் 30

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்தேன். வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஊரில் இத்தனை பேர் இருக்க, என் இடத்துக்கு வருகிறவருக்கு என்னிடமா ரீல் கேட்பது? நானும் ஒரு மடையன், கதவு திறக்கிறது என்று நினைத்துப் புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தேன்.

அவள் பாடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னோடு இருந்தபோது அவள் பாடி நான் கேட்டதில்லை. மாதத்தில் பாதி நாள் ஊர் சுற்றல், மிச்ச நாள் ஏரி. வீட்டில் இருந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ.

சரி, ரீல். கைப்பிடியைத் துளை வழியாகச் செருகி மறுபக்கம் ஆணி முடுக்குகிற வகை வேண்டாம், அதுதான் ஆடும். கைப்பிடியே நேராக உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் திருகிக்கொள்கிற வகை இருக்கிறது. கொஞ்சம்தான் விலை கூட. எந்தப் பக்கம் மாட்டினாலும் அசையாது. லிஃப்ட் பார்த்த கண்ணுக்குப் பார்த்ததுமே புரிந்துவிடும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரைப் பம்ப் ஹவுஸ் பக்கம் கூட்டிப்போகாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று, அது ஒன்றாவது நமக்கு இருக்கட்டும்.

இனி எழுத வேண்டாம். எழுதினால் நான் பதில் போடுவேன். அது அவளுக்கு நல்லதில்லை.

இப்படிக்கு,
மருந்துக்காரன்

ஏப்ரல் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதற்குப் பதில் போட வேண்டாம், படித்தால் போதும்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரீல் நீங்கள் சொன்ன திருகு வகைதான். இம்மிகூட ஆடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரை ஏரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "மீன் எந்தப் பக்கம் நல்லா கிடைக்கும் மாமா?" என்று கேட்டார். என் கால் தன்னால் பம்ப் ஹவுஸ் பக்கம் திரும்பியது. அதைப் பிடித்து நிறுத்தி மேற்குக் கரையைக் காட்டினேன்.

பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். தங்கமான மனுஷன், தவளைச் சத்தத்தைக்கூடக் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம்.

மாமா