படிவத்தில் ஒரே ஒரு கட்டம்

ஜனவரி 9

பாசன அலுவலகப் பொறியாளர் ஆற்றங்கரைக்கு வந்துபோனார். மூங்கிலும் மணலும் வைத்து நாங்கள் கட்டும் அணைக்குப் பதிலாகக் கான்கிரீட் அணை, கான்கிரீட் கால்வாய். அதற்கு முன் நாற்பது பக்கப் படிவம், ஆங்கிலத்தில். கால்வாய்ச் சங்கத்தில் இருபத்துநான்கு பேர். வேலை எனக்கு வந்தது. கல்லூரி முடித்து எட்டு மாதமாக லாவாக் நகரில் வேலை தேடுகிறேன். ஆங்கிலம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

சங்கத் தலைவர் டாடா சபினோ, ஊருக்கே பெரியப்பா, படிவக் கட்டை என் கையில் கொடுத்தார். "பாத்து எழுது எமெலின். எனக்குப் பேனாவ விட மண்வெட்டியில கையெழுத்து நல்லா வரும்."

ஜனவரி 11

ஷேர். போர்ஷன். அலாட்மென்ட். கோட்டா. ரேஷன். பேலன்ஸ். பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள். எங்கள் மொழியில் ‘பிங்காய்’ ஒன்றே போதும். பன்றி வெட்டினாலும் அதுதான், தண்ணீர் திறந்தாலும் அதுதான். அடுத்தவன் பொருளைப் பிரித்தே பழகியவர்களுக்கு இத்தனை தேவைப்பட்டிருக்கும்.

ஜனவரி 14

ஆறாம் பக்கம். ஒவ்வொருவரின் ‘அலாட்மென்ட்’டுக்கும் ஒரே ஒரு கட்டம். எங்களில் யாருக்கும் நிலம் ஒரே இடத்தில் இல்லை. தலைமடையில் ஒரு துண்டு, நடுமடையில் ஒன்று, கடைமடையில் ஒன்று. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினேன். பக்கத்தில் ‘ஈக்வல்’. எல்லோருக்கும் சமம் என்பது உண்மைதானே. ஒரே மதியத்தில் முடித்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 6

பொறியாளர் வரைபடத்தோடு வந்தார். துண்டுகளைக் காணோம். ஆளுக்கு ஒரே வயல், அணையிலிருந்து வரிசையாக எண் போட்டு இருபத்துநான்கு. நான் எழுதிய அளவுதான், நான் எழுதிய ‘ஈக்வல்’தான்.

எல்லோருக்கும் சந்தோஷம்.

"என் எருமைக்கு மூட்டுவலி. இனிமே மூணு எடத்துக்கு நடக்க வேணாம்."

"எருமைக்கா, ஒனக்கா?"

யாருக்கு எந்த வயல் என்று சீட்டுக் குலுக்கினார்கள். அப்பாவுக்குப் பின் எங்கள் நிலத்தைப் பார்ப்பவன் என் அண்ணன் நெஸ்டர். அவனுக்கு இரண்டாம் எண், அணையை ஒட்டி. பக்கத்து வீட்டு அக்கா, மனாங் பசிட்டாவுக்கு இருபத்துமூன்று. கணவர் இல்லை, அந்த நெல்தான் வீட்டுச் சோறு.

டாடா சபினோ மட்டும் கேட்டார்: "தண்ணி கொறஞ்சா?"

‘பேலன்ஸ்’ பண்ணுவோம் என்றார் பொறியாளர். "சரிக்கட்டிடுவாங்களாம்" என்று நான் சொன்னேன். யார், எதை வைத்து? கேட்கத் தோன்றவில்லை.

கையெழுத்து மார்ச் 12.

பிப்ரவரி 25

ஆறு இறங்கிவிட்டது. சங்கம் கரையில் கூடியது, எப்போதும்போல் ஐந்து நிமிடம். "இந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணி கெடையாது" என்றார் டாடா சபினோ. தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். சண்டை எதற்கு? தலைவர் உட்பட எல்லோருக்கும் போவது மூன்றில் ஒரு துண்டு.

திரும்பும்போது மனாங் பசிட்டா என்னோடு நடந்தார். "அடுத்த வருஷம் இப்படி ஆனா எனக்கு மொத்தமும் போயிடும். இல்லியா ஆடிங்?" தங்கச்சி என்று கூப்பிட்டு, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"கான்கிரீட் போட்டா கடைசி வரைக்கும் தண்ணி வருமாம்."

"ஆத்துல இல்லாத தண்ணியுமா?"

மூன்று துண்டு ஏன் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தே கூட்டிப் போட்டேன் — கட்டம் ஒன்றுதான் இருந்தது என்பதற்காக. என்ன படிப்பு படிச்சேன் நான்?

பிப்ரவரி 27

பொறியாளரைப் பார்க்க அலுவலகம் போனேன். "மிஸ், நீங்க எழுதிக் குடுத்ததுதான. கட்டம் ஒண்ணுதான் இருக்கு, நான் என்ன பண்றது?" பிரித்து எழுதினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும்.

கெட்டவர் இல்லை. காபி வாங்கித் தந்தார். அந்த வரைபடத்தில் அவர் வயல் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 1

நெஸ்டரிடம் சொன்னேன்.

"வாயத் தொறக்காத. அப்பா சாகுற வரைக்கும் மூணு எடத்துக்கும் நடந்தாரு. மொத தடவையா நம்ம பக்கம் ஒண்ணு விழுந்திருக்கு. யாரையும் ஏமாத்தல. சீட்டுதான் எடுத்தேன்."

"மனாங் பசிட்டாவும் சீட்டுதான் எடுத்தாங்க."

"அப்ப அவங்க கையத் திட்டு."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 4

தனித்தனியாகச் சாப்பிடுகிறோம்.

மார்ச் 12

பொறியாளர் பேனாவை எடுத்து வைக்கும்போது எழுந்தேன். "ஈக்வல்னு போட்டது நான். ஆறு காஞ்சா மொதல் பதினாறு பேருக்குத் தண்ணி. கடைசி எட்டுப் பேருக்கு ஒண்ணும் இல்ல. நான் எழுதிக் குடுத்திருக்கிறது இதத்தான். தப்பு என்னோடது."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடி ஜெபமாவது பண்ணியிருப்பேன்" என்றார் கடைசி எண்காரர். சிரித்தார்கள். பிறகு யாரோ, "கான்கிரீட்டும் போயிடுமே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கை தூக்கச் சொன்னார் டாடா சபினோ. கையெழுத்து வேண்டாம் — பதினைந்து. வேண்டும் — ஒன்பது. ஐந்தாம் எண் எடுத்தவரும் வேண்டாம் என்றார். ஏன் என்று தெரியவில்லை. நெஸ்டரின் கை ஒன்பதில் ஒன்று. இறக்கும்போது என்னைப் பார்த்தான்.

மே 20

கான்கிரீட் அக்கரைக்குப் போகிறதாம். கடையில் ஒருவன், "இங்கிலீஷ் டீச்சர் வந்தாச்சு, வழி விடுங்க" என்றான். சோப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18

நெஸ்டர் தைவானுக்குப் புறப்பட்டான். தொழிற்சாலை வேலை, மூன்று வருட ஒப்பந்தம். பையை அவனே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். படியில் நின்று சொன்னான்: "மூணு துண்டும் ஒனக்குத்தான். நல்லா நட."

நவம்பர் 5

புயல் வெள்ளம் அணையைக் கொண்டுபோய்விட்டது. மீண்டும் கட்ட வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். லாவாக்கில் காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு நேர்காணல் இருந்தது. ஏழு மணிக்கு ஆற்றில் நின்றேன், தண்ணீர் மார்பளவு.

டாடா சபினோ கரையில் நின்று பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தார். எங்கள் வீட்டு வரி வந்ததும் நெஸ்டர் பெயரை விட்டுவிட்டு என் பெயரைச் சொன்னார்.

"இருக்கேன்" என்றேன்.