அக்கரையில் மாமன் வீடு

சேச்சி,

இன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பில் லிஃப்டுக்குள் ஏறியதும் ஒரு வாசனை வந்தது. ரோஸ் பவுடரும் தேங்காய் எண்ணெயும் மீசை ஒட்டுகிற பசையும் கலந்த வாசனை. கீழே ஹாலில் ஓண விழா நாடகம் நடக்கிறது. வேஷம் கட்டிய யாரோ எனக்கு முன்னால் இறங்கிப் போயிருக்க வேண்டும். பொத்தானை அமுக்க மறந்து நின்றுவிட்டேன். கழக்கூட்டத்தில் நாங்கள் இப்போது இருக்கும் கட்டடம் மறைந்து, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வாசகசாலை ஹால் கண்முன் வந்தது. உங்கள் தோளில் என் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தேனே, அந்த ஹால்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. உங்கள் வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கு மலையாளம் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர் காலையில் இரும்புக் கடைக்குப் போனால் கடை அடைத்த பிறகுதான் வருவார். பிரசவத்துக்கு ஊருக்குப் போனேன். பெண் குழந்தை. ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கவில்லை. அதைப் பற்றி இனிமேல் பேசாதே, அடுத்தது பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் என்னை பஸ் ஏற்றிவிட்டார்கள்.

நீங்கள் மட்டும்தான் அவளுக்குப் பெயர் வைத்திருந்தோமா என்று கேட்டீர்கள். வைப்பதற்குள் போய்விட்டாள் என்றேன். என் தமிழ் உங்களுக்கு எவ்வளவு புரிந்ததோ, “மோளே” என்று மகளைக் கூப்பிடுவதுபோலச் சொல்லிவிட்டு என் பின்னால் உட்கார்ந்து, பல நாள் வாராத தலையைச் சிக்கெடுக்க ஆரம்பித்தீர்கள். முடி இழுபட்டு வலித்தது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அன்றைக்கு நன்றாக அழுதேன்.

வாசகசாலை ஆண்டு விழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது அதற்குப் பிறகுதான். உங்கள் வீட்டுக்கார அண்ணன் பகலில் பஸ் கண்டக்டர், சாயங்காலமானால் அந்த நாடகக் குழுவுக்கு ஆர்மோனியம். பாட்டெல்லாம் அவரே எழுதியவை. ஒரு புராணக் கதை போடப் போகிறார்கள், ராட்சசன் வருவான், நன்றாகச் சிரிக்கலாம் என்று சொல்லித்தான் என்னை எழுப்பி, உங்கள் பச்சைப் புடவையைக் கட்டிவிட்டீர்கள்.

மேடையில் ஒருவர் வந்து மைக்கில் என்னவோ அறிவித்தார். எனக்குப் புரியவில்லை. ஆனால் நீங்கள் பாதி எழுந்துவிட்டீர்கள். ராட்சசனாக நடிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், முந்தைய வருடம் போட்ட நாடகத்தையே மறுபடி போடுகிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வாசல்வரை பெண்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து, என் கையை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

திரை பாதியில் சிக்கிக்கொண்டது. யாரோ ஏறி இழுத்தார்கள். நீலப் புடவை ஒன்றை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்ட, அது காயல் தண்ணீராயிற்று. ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் தோணிக்காரன். முக்குக்கடையில் துணி தைக்கிற பெண் அவன் மனைவி. அவர்களுக்கு ஒரு சின்னப் பையன். ஆட்டோக்காரர் சுருதியை விட்டு எங்கேயோ போய்விடுவார். அண்ணன் ஆர்மோனியத்தோடு அவரைத் துரத்திப் பிடிப்பார். நான் சிரித்தேன். ஊரிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

பையன் அட்டைத் தோணியில் ஏறிப் பக்கவாட்டில் மறைந்தான். மிருதங்கம் வேகமெடுத்தது. நீலப் புடவை உயர உயர எழுந்தது. அப்புறம் தைக்கிற பெண் தனியாக நின்று பாட ஆரம்பித்தாள். அப்படி ஒரு குரலை அவளிடம் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. சுற்றிலும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

“ஏன் சேச்சி அழுறாங்க?” என்று கேட்டேன்.

“பையன் அக்கரையில மாமன் வீட்டுக்குப் போகுது, படிக்கான். அம்மைக்கு சங்கடம்.”

அடுத்த காட்சியில் தோணிக்காரன் ஈரத்தோடு திரும்பி வந்தான். கையில் பையனின் சட்டை. அவள் அதை வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டாள்.

“சட்டையை எடுக்க மறந்து போயி,” என்றீர்கள் என் காதில். “பின்ன கொடுத்துவிடும்.”

கடைசிக் காட்சியில் கரையில் விளக்கு வைத்து அவள் காத்திருந்தாள். லீவுக்குப் பையன் வருவான், இருட்டில் வழி தெரிய வேண்டாமா என்றீர்கள். அப்போது உங்கள் குரல் கொஞ்சம் பிசிறியது. நாடகத்தில் லயித்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். படிக்கப் போன பிள்ளைக்காக இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு அழுகிறார்களே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு என் மகன் பிறந்தான். மலையாளமும் மெல்ல மெல்ல என் வாயில் ஏறியது. மீன்காரியிடம் பேரம், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேச்சு, உங்களோடு சண்டை, எல்லாம் மலையாளத்திலேயே. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம் வாசகசாலையில் அதே பழைய நாடகத்தை மறுபடி போட்டார்கள். நீங்கள் தலைவலி என்று வர மறுத்தீர்கள். நான்தான் விடாமல் இழுத்துக்கொண்டு போனேன்.

தைக்கிற பெண்ணுக்கு வயது கூடியிருந்தது. குரல் அப்படியே இருந்தது. முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீரிடம் பிள்ளையைத் திருப்பிக் கேட்கிற பாட்டு அது. சட்டை வந்தபோது திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகனை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. எனக்காக ஒருத்தி அந்த முழு நாடகத்தையும், காட்சிக்குக் காட்சி, மேடையில் வந்ததையெல்லாம் சமாளித்துச் சமாளித்து மாற்றிச் சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன்: “அன்னைக்கி நீங்க சொன்ன கதை இது இல்லையே, சேச்சி.”

“அன்னைக்கு எனக்குத் தமிழ் கொறச்சுதானே அறியும், மோளே. ‘மரிச்சு’ன்னு சொல்ல தமிழ்ல வாக்கு கிட்டியில்ல.”

சாலைக் கடைகளில் தமிழ் வியாபாரிகளோடு வருடக்கணக்காக வாதாடித் துணி எடுத்தவர் நீங்கள். உங்களுக்கா அந்த ஒரு சொல் தெரியாது? இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தூங்குகிற பிள்ளையை நீங்கள் வாங்கி உங்கள் தோளில் போட்டுக்கொண்டீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசவில்லை.

நீங்கள் இறந்துபோன பிறகுதான், பேசியிருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட மகன் சாப்பிடுகிறானா என்றுதான் விசாரித்தீர்கள். பக்கத்தில் நின்ற நர்ஸ், என்னோடு வந்திருந்த அவனைக் காட்டி, இவன் யார் என்று கேட்டதற்கு, “இவளுட ரெண்டாமத்தவன்” என்றீர்கள். அவன் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என் அம்மா உட்பட வேறு யாரும் அவனை அப்படிச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவன் ஒரே பிள்ளைதான். எனக்கும் அந்தச் சொல் வாயில் வந்ததில்லை.

போன மாதம் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அம்மா காபியை நீட்டியபடி, “ஒரே பையனா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆமாம் என்று தலையாட்டினார்.

“இல்ல,” என்றேன். “இவன் ரெண்டாவது. மூத்தவ பொண்ணு. பிறந்த வாரத்துலயே போயிட்டா.”

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இதையா சொல்வது என்று கோபிப்பார் என நினைத்தேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆமா,” என்றார், அந்த அம்மாவைப் பார்த்து. “எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க.”