அண்ணியின் படகு ஓடுமா?

3 ஜூலை, புதன்
இன்றும் நின்றுவிட்டது. முகத்துவாரத்தை நெருங்கும்போது எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. நானும் வள்ளியம்மை அண்ணியும் நடு ஆற்றில். கோலா மூடா மீனவர் பாக் டின் கயிறு கட்டிப் படகுத்துறை ஜெட்டிவரை இழுத்து வந்தார். "மாத்தி லாகி?" – மறுபடியும் செத்துவிட்டதா – என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். செத்துப்போனது எஞ்சின்தானே, நாங்களும் சிரித்தோம். இழுபடும் படகில் சும்மா உட்கார்ந்து வருவதும் சுகமாகத்தான் இருந்தது – நல்ல காற்று.

அடுத்த வாரம் சனிக்கிழமை சுங்கைப்பட்டாணியிலிருந்து தூண்டில் போட ஆட்கள் வருகிறார்கள். எங்கள் முதல் வாடகைச் சவாரி. அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

5 ஜூலை, வெள்ளி
டீசல் ஃபில்டரை மாற்றினேன். பழையதை அறுத்துப் பார்த்தேன், சுத்தம். தண்ணீரும் கலக்கவில்லை. குழாயில் சிக்கிய காற்றையும் வெளியேற்றினேன். எஞ்சின் அழகாக எடுத்தது. கால் மணி நேரம் ஓடி நின்றது. கொஞ்சம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி எடுக்கிறது. நான் வேலை பார்க்கும் குருண் தொழிற்சாலையில் எத்தனை மெஷின் பார்த்தாயிற்று. இது என்ன வகைப் பிடிவாதம்?

6 ஜூலை, சனி
சிவநேசன் அண்ணன் ஜெட்டிக்கு வந்தார். தன் மனைவி படகு வாங்கியதே அவருக்குப் பிடிக்கவில்லை. திகாம் பத்து ஊரில் ஒருவர் அதை விலைக்குக் கேட்கிறாராம். முதல் சவாரி போக முடியாவிட்டால் தள்ளிவிடலாம் என்றார். அண்ணியைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். படகு யார் பெயரில் இருக்கிறது? தேர்வு எழுதி ஓட்டுநர் உரிமம் வாங்கினது யாரு? வாயைத் தொறந்து கேட்டிருக்கணும் நான்.

அவர் போன பிறகு அண்ணி மெதுவாகச் சொன்னார். "அவரு சொல்றத விடு, நளினி. நீ சொல்லு, ஓடுமா?"

ஓடும் என்றேன். எந்தத் தைரியத்தில்?

8 ஜூலை, திங்கள்
மழை. படகுப் பக்கமே போகவில்லை. பீசாங் கோரெங் – வாழைப்பழ பஜ்ஜி – மட்டும் நிறைய.

9 ஜூலை, செவ்வாய்
வேலை முடிந்து நேராக ஜெட்டி. படகின் டேங்கைக் கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து எஞ்சினுக்கு டீசல் கொடுத்துப் பார்த்தேன். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது! கடைசியில் நாங்களாகத்தான் நிறுத்தினோம். அப்படியானால் எஞ்சினில் குறையில்லை. குறை டேங்கில், அல்லது அதிலிருந்து வரும் குழாயில்.

10 ஜூலை, புதன்
குழாயை ஊதினேன், அடைப்பில்லை. மறுபடி டேங்கிலேயே ஓட்டினோம், பழையபடி நின்றது. உள்ளே குப்பையோ என்று டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வர வழியில்லையென்றால் டீசல் எப்படி வெளியே போகும்? காற்று வருவதற்கென்றே டேங்கிலிருந்து ஒரு சிறு குழாய் வெளிப்பக்கம் போகிறது. தேடிப் பிடித்துப் பார்த்தால் – அதன் வாயில் குளவி மண் பூசிக் கூடு கட்டியிருக்கிறது!

"நமக்கு முந்தியே ஒருத்தி குடி வந்துட்டா லா," என்றார் அண்ணி. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர். கம்பியால் குத்தி எடுத்தேன். ஓட்டினோம். முகத்துவாரம் தாண்டி, பாக் டின் வலை போடும் இடம்வரை போய்க் கையாட்டிவிட்டு வந்தோம்.

13 ஜூலை, சனி
போனோம், வந்தோம். நிற்கவே இல்லை. ஆட்களுக்கு நல்ல கொடுவா மாட்டியது. நான் முழு நேரமும் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3 ஆகஸ்ட், சனி
விற்கும் பேச்சு நின்றுபோய்விட்டது. இன்று அண்ணனே முதல்முறையாக எங்களுடன் வந்தார், லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு. புறப்படும் நேரத்தில் அண்ணி சுக்கானைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார்.

"ஏங்க, கால எடுங்க. கயிறு மேல நிக்கிறீங்க."

அண்ணன் எடுத்தார்.